ஒளியே தப்பாதுன்னா அந்த வெளிச்சம் எங்கேர்ந்து வருது?

மாங்கொட்டை
14 ஜனவரி 2025, காலை 11.20

பொங்கலும் அதுவுமா வீட்ல சண்டை. கருந்துளைக்குள்ள போன ஒளி வெளிய வராதுங்கறாங்க. அதே ஆளுங்க, கருந்துளை ஒரு நட்சத்திரத்தைக் கிழிச்சுத் தின்னுச்சு, கோடிக்கணக்கான சூரியன் அளவுக்கு வெளிச்சம் வந்துச்சுன்னும் எழுதறாங்க. ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு சொல்லுங்க.

பட்டறைக்காரன்
14 ஜனவரி, மதியம் 3.05

ரெண்டும் நிஜம். வெளிச்சம் கருந்துளையோடது இல்லை, செத்த நட்சத்திரத்தோடது. உள்ள விழறதுக்கு முன்னாடியே கிளம்பி வந்துடுது. ராத்திரி விவரமா எழுதறேன், இப்ப தூக்கம் கண்ணைக் கட்டுது.

பட்டறைக்காரன்
14 ஜனவரி, இரவு 10.15

கிழியறதுக்குக் காரணம் ஓத விசை. கடல் பொங்கறதுக்கும் அதான் காரணம். ஆனா சேலத்துக்காரங்களுக்குக் கடல் ஏது? அதனால ஏற்காடு மலைப்பாதையையே வச்சுக்குவோம்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வண்டியெல்லாம் வரிசையா இறங்கும்ல. கொண்டை ஊசி வளைவுல ஒண்ணோட ஒண்ணு முட்டற மாதிரி நிக்கும். வளைவைத் தாண்டின முதல் வண்டி இறக்கத்துல வேகம் பிடிக்கும்போது கடைசி வண்டி இன்னும் வளைவுக்கு மேலயே கிடக்கும். யாரும் யாரையும் பிடிச்சு இழுக்கலை. முன்னாடி இருக்கிறவன் முதல்ல வேகமெடுக்கறான், வரிசை தானா நீண்டுடுது. நட்சத்திரத்துக்கும் இதே கதிதான். கருந்துளைப் பக்கம் இருக்கிற பாதியை ஈர்ப்பு கூடுதலா இழுக்குது, அந்தப் பக்கத்துப் பாதியைக் குறைவா இழுக்குது. நட்சத்திரம் தன்னைத்தானே கட்டி வச்சிருக்கிற ஈர்ப்பை அந்த வித்தியாசம் மிஞ்சினா, மூட்டை அவிழ்ந்த மாதிரிதான்.

கணக்கு: 10 லட்சம் சூரியன் நிறையுள்ள கருந்துளை, நம்ம சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம். கிழியற தூரம் ஏறத்தாழ 7 கோடி கிலோமீட்டர். பூமிக்கும் சூரியனுக்கும் நடுவுல இருக்கிற தூரத்துல பாதி. அந்தக் கருந்துளையோட நிகழ்வெல்லை, அதாவது தாண்டினா ஒளிகூடத் திரும்ப முடியாத வாசல், 30 லட்சம் கிலோமீட்டர் ஆரம்தான். ஆக கொலை நடக்கிறது வாசலுக்கு வெளிய, தெருவுலயே. அங்க பிறக்கிற வெளிச்சத்தை யாரும் தடுக்கலை.

பட்டறைக்காரன்
15 ஜனவரி, காலை 6.50

ராத்திரி ஒண்ணு விட்டுட்டேன். கிழிஞ்ச நட்சத்திரம் முழுசா உள்ள போறதில்லை. ஏறத்தாழ பாதி தப்பிச்சு வெளிய தெறிச்சுப் போயிடும், திரும்பவே திரும்பாது. மத்த பாதி நீள்வட்டத்துல சுத்திட்டுத் திரும்ப வரும். மேல சொன்ன கருந்துளைக்கு முதல் சரக்கு திரும்பி வர 40 நாள் சொச்சம் ஆகும். ஐயப்பனுக்கு மாலை போடற மண்டலக் கணக்குன்னு ஞாபகம் வச்சுக்கங்க. நேத்துதான் மகரவிளக்கு முடிஞ்சுது, அதான் தோணுச்சு.

அப்புறம் வரத்து குறைஞ்சுக்கிட்டே போகும், மேட்டூருக்குத் தண்ணி வரத்து குறையற மாதிரி. ஆனா இது ஒரு கணக்குக்குக் கட்டுப்பட்டுக் குறையும். நாள் 8 மடங்கு ஆனா வரத்து 32-ல ஒரு பங்கு. காலத்தோட கழித்தல் 5/3 அடுக்குன்னு சொல்வாங்க.

பட்டறைக்காரன்
15 ஜனவரி, இரவு 9.30

மாங்கொட்டை தம்பி கேக்கறார்: "கிழிஞ்சா கிழியட்டும், எதுக்கு வெளிச்சம் வரணும்? கிழிஞ்ச துணி எரியுதா?"

நல்ல கேள்வி. இதுக்கு என் வேன் கதையைச் சொல்லியாகணும்.

போன அக்டோபர்ல தொலைநோக்கியை ஏத்திக்கிட்டு ஏற்காட்டுலேர்ந்து பழைய வேன்ல இறங்கினோம். ராத்திரி 11 மணி. சோம்பேறித்தனத்துல மூணாவது கியர்லயே விட்டு, பிரேக்கை மிதிச்சு மிதிச்சு வந்தேன். பாதி வளைவு தாண்டினதும் கருகல் வாடை. மச்சான் "யாரோ டயர் எரிக்கறாங்க"ன்னான். அடுத்த வளைவுல பெடல் பஞ்சு மாதிரி உள்ள போச்சு. கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் ஓரங்கட்டி நிறுத்தினேன். முன்சக்கரத்துல தண்ணி தெளிச்சதும் 'சொய்ங்'னு தோசைக்கல் சத்தம். (தெளிச்சிருக்கக் கூடாதாம், மறுநாள் மெக்கானிக் திட்டினார்.) முக்கால் மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தோம்.

அந்தச் சூடு எங்கேர்ந்து வந்துச்சு? மலை மேல இருந்த உயரந்தான் அது. வண்டி, ஆளு, சாமான் எல்லாம் சேர்த்து 1,200 கிலோ, இறக்கம் 1,200 மீட்டர். எவ்வளவு சூடுன்னு பின்னாடி கணக்குப் போட்டேன்: 20 லிட்டர் கேன் ரெண்டு, அவ்வளவு தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். அதுல பெரும்பகுதி பிரேக் தலையில விழுந்துச்சு.

கருந்துளையைச் சுத்தற வாயுவும் அப்படித்தான். நேரா உள்ள விழ முடியாது, சுத்திக்கிட்டேதான் இறங்கணும். இறங்கணும்னா வேகத்தை எங்கயாச்சும் உராய்ஞ்சு தொலைக்கணும். அந்த உராய்வுச் சூடுதான் நாம பாக்கிற வெளிச்சம். சூரியன் ஹைட்ரஜனை எரிக்கும்போது நிறையில 0.7 சதவீதம் ஒளியா மாறுது. சுழலாத கருந்துளைக்குள்ள இறங்கற சரக்குக்கு இது 6 சதவீதம் வரைக்கும் போகும். வேகமாச் சுழல்ற கருந்துளைன்னா இன்னும் மேல. பெரிய மலை, பெரிய சூடு. கருந்துளை பெருசா இருந்தா வெளிச்சமும் பெருசு.

பட்டறைக்காரன்
17 ஜனவரி, இரவு 8.10

"கொலுசுப் பட்டறை வச்சிருக்கீங்க, கம்பி இழுக்கிற உதாரணத்தை விட்டுட்டு வேனைச் சொல்றீங்களே"ன்னு செவ்வாய்பேட்டை அண்ணன் ஒருத்தர் கேட்டிருக்கார். நானும் முதல்ல அதைத்தான் நெனச்சேன். எங்கப்பா வெள்ளியை உருக்கி, நீளக் குச்சியா ஊத்தி, ஓட்டை ஓட்டையா இருக்கிற இரும்புத் தகடுல பெரிய ஓட்டையிலேர்ந்து சின்ன ஓட்டைக்கு மாத்தி மாத்தி இழுப்பார். நாலு ஓட்டை தாண்டினா வெள்ளி விறைச்சுக்கும், காய்ச்சி இளக்கித்தான் மறுபடி இழுக்கணும். பாக்க நட்சத்திரம் நூலாகிற மாதிரியே இருக்கும். ஆனா அங்க ஒரு முனையைத் தகடு இறுக்கிப் பிடிச்சிருக்கு. நட்சத்திரத்தை எதுவும் பிடிச்சு நிறுத்தலை, மொத்தமும் விழுந்துக்கிட்டே இருக்கு. அதான் மலைப்பாதை.

ஆனா பட்டறை உதாரணம் வேற ஒண்ணுக்கு உதவும். நிறத்துக்கு.

பட்டறைக்காரன்
19 ஜனவரி, மதியம் 2.40

ஞாயிறு, பட்டறை லீவு. நிறம் பத்தி எழுதிடறேன்.

வெள்ளி 962 டிகிரியில உருகும். பட்டறையில தெர்மாமீட்டரை யாரு பாக்கறா? வெள்ளியை உருக்கற மூசையோட நிறந்தான் அளவு. மங்கல் சிவப்பு, அப்புறம் செந்தூரம், அப்புறம் மஞ்சள் தட்டும்போது எடுத்துடணும். ஊத்தி வச்சா அதே படியில திரும்ப இறங்கும். ஆற ஆறச் சிவந்து, இருண்டுடும்.

சூப்பர்நோவாவும், அதாவது வெடிச்சுச் சாகற நட்சத்திரமும், அப்படித்தான். வெடிச்ச பிறகு ஆறும், வாரங்கள்ல சிவந்துக்கிட்டே போகும். கிழிஞ்ச நட்சத்திரம் அப்படிச் சிவக்காது. நீலமா எரிய ஆரம்பிச்சு, மாசக்கணக்கா மங்கும், ஆனா நீலம் மாறாது. 20,000 டிகிரி, 30,000 டிகிரின்னு சூடு ஏறக்குறைய அங்கயே நிக்கும். சூரியனோட மேற்பரப்பு 5,500 டிகிரிதான், ஒப்பிட்டுக்கங்க. வானத்தை ராத்திரி ராத்திரியா படம் எடுத்துத் தேடற ஆளுங்க ஒரு நட்சத்திரத் திரளோட (கேலக்ஸி) நட்டநடுவுல ஆறாத நீலம் தெரிஞ்சா நிமிர்ந்து உக்காந்துடுவாங்க. அப்படி 2014 நவம்பர்ல சிக்கினது அசாசின்-14எல்ஐ, 29 கோடி ஒளியாண்டு தூரம். தேடினது சூப்பர்நோவாவை. அந்தத் திட்டத்தோட பேரைச் சுருக்கினா ஆங்கிலத்துல 'கொலைகாரன்'னு வர்ற மாதிரி வச்சிருக்காங்க. தானா அமைஞ்ச மாதிரி எனக்குத் தெரியலை.

பட்டறைக்காரன்
19 ஜனவரி, மாலை 6.00

டீச்சரம்மா எழுதியிருக்காங்க: "எங்க வீட்டு கேஸ் அடுப்பும் நீலந்தான், அது 30,000 டிகிரியா?"

இல்லைங்க மேடம். அடுப்பு நீலம் சூட்டு நிறம் இல்லை. எரியற வாயுவுல இருக்கிற மூலக்கூறுகள் தங்களுக்குன்னு உள்ள நிறத்தைக் கக்குது. எங்க ஊதுகுழாய் நெருப்பும் அதே வகைதான். சூட்டு நிறம்னா மூசையையோ இரும்பையோதான் பாக்கணும். நான் முதல்லயே இதைச் சொல்லியிருக்கணும்.

பட்டறைக்காரன்
26 ஜனவரி, இரவு 11.45

ஒரு வாரமா உறுத்திக்கிட்டே இருக்கு. என் பிரேக் கதை அரைகுறை.

உராய்வுதான் காரணம்னா, சூடு எல்லாம் கருந்துளைக்கு ரொம்பக் கிட்ட தட்டு மாதிரி சுத்தற வாயு வட்டுலேர்ந்து வரணும். அங்க லட்சக்கணக்கான டிகிரி இருக்கும், எக்ஸ்-கதிராத்தான் தெரியணும். 1990-91-ல ரோசாட் செயற்கைக்கோள் அப்படித்தான் முதல் ஆசாமிகளைப் பிடிச்சுது. ஆனா அதுக்கப்புறம் சிக்கினதுல நெறைய நான் சொன்ன அந்த 20,000-30,000 டிகிரி நீலம். இவ்வளவு வெளிச்சம் அவ்வளவு குறைஞ்ச சூட்டுல வரணும்னா எரியற பரப்பு மகா பெருசா இருக்கணும்: நூத்துக்கணக்கான கோடி கிலோமீட்டர். நட்சத்திரம் கிழிஞ்ச இடமோ 7 கோடிதான். பொருந்தலை இல்லையா?

இதுக்கு ரெண்டு கட்சி இருக்கு. ஒரு கட்சி: உள்ள எக்ஸ்-கதிர் எரியுது, சுத்தி வாயு மூடியிருக்கு, அது உறிஞ்சி நீலமாத் திருப்பிக் கொடுக்குது. கும்மட்டி அடுப்புல கரி உள்ள கனகனன்னு இருக்கும், மேல சாம்பல் போத்தினதும் மங்கலாத் தெரியும்ல, அந்த மாதிரி. இன்னொரு கட்சி: வட்டே இன்னும் உருவாகலை. திரும்பி வர்ற வாயு ஓடை கருந்துளையைச் சுத்தும்போது ஐன்ஸ்டீன் சொன்னபடி பாதை திரும்பிடுது. புதன் கிரகத்துக்கு நூறு வருஷத்துல 43 விநாடிக் கோணந்தான் திரும்புது. இங்க ஒரே சுத்துல பத்து டிகிரிக்கு மேல. அதனால ஓடையோட தலை, பின்னாடி வந்துக்கிட்டிருக்கிற தன் உடம்பு மேலயே மோதுது. மோதற சூடுதான் நீலம்.

முதல் கட்சிதான் சரின்னு 15-ஆம் தேதி எழுதும்போது நம்பிக்கிட்டிருந்தேன். இப்ப ஆளுக்கு ஒரு பங்கு இருக்கும்னு படுது.

பட்டறைக்காரன்
2 பிப்ரவரி, காலை 10.20

நேத்து மலைக்குப் போயிட்டு வந்தோம். லேடீஸ் சீட்டுல நின்னா கீழ சேலம் மொத்தமும் ஜரிகைச் சேலை விரிச்ச மாதிரி அழகுதான், ஆனா அந்த வெளிச்சத்துல தெற்கு வானம் செத்துப் போச்சு. அதனால சேர்வராயன் கோயில் பக்கம், தெரிஞ்சவர் காப்பித் தோட்டத்துல இடம் பிடிச்சோம். மேற்கே மூணாம் பிறையும் வெள்ளியும் ஒண்ணா இருந்தது. அதைப் பாத்ததுக்கே பெட்ரோல் காசு வசூல்.

8 மணி வாக்குல திருவாதிரை நட்சத்திரத்துக்கு எதிர்மூலையில இருக்கிற ரைஜலைப் பிடிச்சு, மேற்கே நாலு விரல் தள்ளிக் காட்டினேன். ஏடி2019கியூஐஇசட்னு பேர் வச்ச, கிழிஞ்ச நட்சத்திரம் ஒண்ணு அங்கதான். ஒண்ணும் தெரியலை, தெரியாதுன்னு தெரிஞ்சுதான் காட்டினேன். எங்கது 8 இஞ்ச் கண்ணாடி, அந்தத் திரள் 21 கோடி ஒளியாண்டு தூரம்.

2019-ல அங்க ஒரு நட்சத்திரம் கிழிஞ்சுது. எல்லாரும் எழுதி முடிச்சுட்டாங்க. 2023 டிசம்பர்ல சந்திராங்கற விண்வெளி எக்ஸ்-கதிர் தொலைநோக்கி திரும்பிப் பாத்தா, எக்ஸ்-கதிர் விட்டு விட்டு அடிக்குது, ஏறத்தாழ 48 மணிக்கு ஒரு தடவை. கிழிஞ்சதோட மிச்சம் ஒரு வட்டா விரிஞ்சு, ஏற்கெனவே அந்தக் கருந்துளையைச் சுத்திக்கிட்டிருந்த வேற ஏதோ ஒண்ணு, நட்சத்திரமோ சின்னக் கருந்துளையோ, அந்த வட்டைக் குத்திக் குத்திப் போகுதுன்னு 2024 அக்டோபர்ல எழுதினாங்க. நம்ம நாட்டு விண்வெளித் தொலைநோக்கி அஸ்ட்ரோசாட்டும் அதைப் பாத்த கண்கள்ல ஒண்ணு.

இதைச் சொல்லி முடிக்கலை, பனி வந்துடுச்சு. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவுல வெள்ளையா ஏறி வந்து பத்து நிமிஷத்துல எங்களை முழுங்கிடுச்சு. கண்ணாடியெல்லாம் வேர்த்துப் போச்சு. மச்சான் துண்டை எடுத்துத் துடைக்கப் போனான், கையைத் தட்டிவிட்டேன். இன்னிக்குக் காலைல வரைக்கும் பேசலை.

பட்டறைக்காரன்
9 பிப்ரவரி, இரவு 9.15

காவலூர் வானாய்வகத்துலேர்ந்து இதையெல்லாம் பாக்க முடியாதான்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. ஜவ்வாது மலையில அங்க இருக்கிற வைணு பாப்பு தொலைநோக்கி 2.3 மீட்டர், 1986-லேர்ந்து இயங்குது. அந்த அளவுக் கண்ணாடிக்கு இதுங்க எட்டாத வெளிச்சம் இல்லை. நான் போனப்ப முழு மேகம், உள்ள கூட்டிட்டுப் போய்க் கண்ணாடியைக் காட்டினதோட சரி. ராத்திரி திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுல கொசுக்கடி.

நம்ம நாட்டுப் பங்கு வேணும்னா 2022 பிப்ரவரியைச் சொல்லலாம். ஏடி2022சிஎம்சி. கிழிஞ்ச சரக்குல ஒரு பகுதி ஏறத்தாழ ஒளி வேகத்துல பீச்சாங்குழல் மாதிரி நேரா நம்ம பக்கமே பாய்ஞ்சுது. ஒளி கிளம்பி ஏறத்தாழ 850 கோடி வருஷம் ஆச்சு, பூமியே அப்ப பிறக்கலை. லடாக் ஹான்லேயில இருக்கிற தொலைநோக்கியும், புனே பக்கத்து ஜிஎம்ஆர்டி ரேடியோக் கிண்ணங்களும் அதைப் பாத்தது.

ஏப்பம் விட்டதும் ஒண்ணு உண்டு. 2018-ல ஒரு நட்சத்திரத்தைக் கிழிச்ச கருந்துளை, ரெண்டு வருஷத்துக்கு மேல சத்தமில்லாம இருந்துட்டு, அப்புறம் ஒளி வேகத்துல பாதி வேகத்துல சரக்கை வெளிய தள்ள ஆரம்பிச்சுது. கல்யாண வீட்டுச் சாப்பாடு மூணாம் நாள் எதுக்களிச்ச மாதிரி.

பட்டறைக்காரன்
23 பிப்ரவரி, மாலை 4.30

அந்த 5/3-ஐ ஒருத்தர் பிடிச்சுக்கிட்டார். வேற இடத்துல 5/2-ன்னு படிச்சாராம், நான் தப்பாம். தப்பு என்னுது இல்லைங்க. 1988-ல மார்ட்டின் ரீஸ்ங்கற வானியலாளர் இந்த மொத்தக் கதையையும் எழுதினப்ப 5/2-ன்னுதான் போட்டார். அடுத்த வருஷம் ஃபின்னிங்கற இன்னொரு ஆய்வாளர் 5/3-ன்னு திருத்தினார். அவ்வளவு பெரிய மனுஷனுக்கே ஒரு பின்னம் சறுக்கியிருக்கு. அது எனக்கு ஒரு தெம்பு, ஏன்னா அடுத்து நான் ஒண்ணு ஒத்துக்கணும்.

பட்டறைக்காரன்
23 பிப்ரவரி, இரவு 10.00

ஜனவரி 15-ஆம் தேதி "கருந்துளை பெருசா இருந்தா வெளிச்சமும் பெருசு"ன்னு எழுதினேன். வாபஸ்.

கருந்துளை பெருக்கப் பெருக்க நிகழ்வெல்லை நிறைக்கு நேரா வளருது: நிறை 100 மடங்குன்னா ஆரமும் 100 மடங்கு. கிழியற தூரம் கனமூலத்துலதான் வளருது: நிறை 100 மடங்குன்னா நாலரை மடங்குதான். ஏறத்தாழ 10 கோடி சூரிய நிறையில ரெண்டும் ஒண்ணாயிடும். அதுக்கு மேல போனா சூரியன் மாதிரி நட்சத்திரம் கிழியறதுக்கு முன்னாடியே வாசலைத் தாண்டிடும். உள்ள போய் என்ன ஆனா என்ன, ஒரு பொட்டு வெளிச்சம் வராது. வேகமாச் சுழல்ற கருந்துளைன்னா இந்த வரம்பு கொஞ்சம் மேல போகும், அவ்வளவுதான். 1975-லயே இதைச் சொன்னவர் பேரு ஹில்ஸ். மலைக்காரர்னு நெனச்சு நான் சொந்தம் கொண்டாடப் பாத்தேன், அமெரிக்காக்காரராம்.

மலை உதாரணமும் இங்க ஓட்டை. கருந்துளை எவ்வளவு பெருசானாலும், ஒரு கிலோ சரக்கு இறங்கறதுல கிடைக்கிற சூடு அதே சதவீதந்தான். மலை பெருசாத் தெரியுது, ஆனா இறக்கம் அதே இறக்கம்.

இன்னொண்ணும் இருக்கு. பாதி சூரியன் உள்ள போச்சுன்னா எவ்வளவு ஒளி வரணுமோ, அதுல பத்துல ஒரு பங்கு கூட வந்ததா கண்ணுக்குச் சிக்கலைங்கறாங்க. நாம பாக்க முடியாத கடும் புற ஊதாவுல போச்சா, வருஷக்கணக்கா மெதுவா வருதா, சரக்கு உள்ளயே போகலையான்னு இன்னும் சண்டை. என் வேன்ல 40 லிட்டர் கணக்குப் போட்டேனே, அதுல டயர் எடுத்துக்கிட்டது, காத்து எடுத்துக்கிட்டது, எஞ்சின் எடுத்துக்கிட்டது எதையும் கழிக்கலை. மச்சான்தான் சுட்டிக் காட்டினான். (பேச ஆரம்பிச்சுட்டான்.)

பட்டறைக்காரன்
31 மார்ச், இரவு 8.45

சனிக்கிழமை அமாவாசை. மறுபடி அதே தோட்டம். இந்தத் தடவை பனி இல்லை, ஆனா காட்டுத்தீ வாடை லேசா இருந்தது. காப்பி பூக்கிற சமயம், தூறல் ஒண்ணு விழுந்து நாலைஞ்சு செடி முன்கூட்டியே பூத்திருந்தது. இருட்டுல கண்ணுக்குத் தெரியலை, மல்லிகை மாதிரி மூக்குக்குத்தான் தெரிஞ்சுது.

11 மணிக்கு மேல கன்னி ராசியில எம்87-ங்கற திரளைப் பிடிச்சேன். 8 இஞ்ச்ல எப்படித் தெரியும்னு கேக்காதீங்க: விரல் அழுக்குப் பட்ட கண்ணாடியில ஒரு மங்கல் வட்டம், நடுவுல கொஞ்சம் கெட்டி. நேராப் பாத்தா மறையும், ஓரக்கண்ணால பாத்தா வரும். 5.5 கோடி ஒளியாண்டு. 2019 ஏப்ரல்ல உலகமே பாத்த முதல் கருந்துளைப் படம் அந்தக் கெட்டிக்கு நடுவுல இருக்கிறதுதான், 650 கோடி சூரிய நிறை. ஹில்ஸ் வரம்பைப் போல 65 மடங்கு. நாங்க பாத்துக்கிட்டிருக்கும்போதே அங்க ஒரு சூரியன் உள்ள போயிருந்தாலும் எந்தத் தொலைநோக்கிக்கும் தெரிஞ்சிருக்காது.

மாங்கொட்டை தம்பியும் வந்திருந்தார், முதல் தடவையா நேர்ல. வரிசையில நின்னு பாத்துட்டு, "அண்ணே, அப்ப நான் முதல்ல கேட்டது இதுக்குப் பொருந்துமில்ல? இங்க நிஜமாவே வெளிச்சம் வராதுல்ல?"ன்னார். பொருந்தும். எம்87 மாதிரி வரம்பைத் தாண்டினதுக்கு மட்டும் அவர் சொன்னது சரி.

3 மணிக்குத் தனுசு நல்லா மேல வந்துடுச்சு. நம்ம பால்வெளியோட நடு. அங்க இருக்கிறது சுமார் 43 லட்சம் சூரிய நிறை, வரம்புக்கு ரொம்பக் கீழ. ஆக அது கிழிச்சா வெளிச்சம் வரும். ஒரு திரள்ல 10,000 வருஷத்துலேர்ந்து லட்சம் வருஷத்துக்குள்ள ஒரு தடவை நடக்கும்னு கணக்கு. "அதுக்குள்ள தட்டுவடை செட் ஆறிடும்"னு தம்பி சொல்லிட்டு, நாங்க பேசிக்கிட்டிருக்கும்போதே என் பங்கையும் சேர்த்து முடிச்சுட்டார்.

பட்டறைக்காரன்
20 ஏப்ரல், காலை 9.10

அடுத்தது 26-ஆம் தேதி சனி, மறுநாள் அமாவாசை. மே வந்தா கோடை விழாக் கூட்டமும் விளக்கும் ஆரம்பிச்சுடும், அதுக்கு முன்னாடி இதுதான் கடைசி. வேன்ல ரெண்டு பேருக்கு இடம் இருக்கு. ஸ்வெட்டர் எடுத்துக்கங்க, தட்டுவடை செட் ஆளுக்கு ரெண்டா வாங்கறேன், கண்ணாடியைத் துண்டால துடைக்கிற ஆளு வேண்டாம். பிரேக் ஷூ நாலும் மாத்தியாச்சு, இறங்கும்போது ரெண்டாவது கியர்தான்.